சுவிட்ச், ரவுட்டர் கற்கத் தொடங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நெட்வொர்க் வேலைக்குப் போக விரும்பும் பிள்ளைகளுக்குச் சில வருடங்களாக வார இறுதியில் பாடம் எடுக்கிறேன். ஒவ்வொரு குழுவிலும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். ஒவ்வொரு கணினிக்கும் ஐபி முகவரி என்று ஒன்று உண்டு என்பது வரை தெரிந்திருந்தால் போதும், மேலே படிக்கலாம்.

சுவிட்ச்சுக்கும் ரவுட்டருக்கும் என்னதான் வித்தியாசம்?

இரண்டும் ஒரு பக்கம் வாங்கி மறுபக்கம் கொடுக்கிற பெட்டிகள். எந்த முகவரியைப் பார்த்துக் கொடுக்கின்றன என்பதில்தான் வித்தியாசம். சுவிட்ச் பார்ப்பது மேக் முகவரியை. ரவுட்டர் பார்ப்பது ஐபி முகவரியை.

மேக் முகவரி என்பது நெட்வொர்க் கார்டு தயாராகும்போதே அதற்குக் கொடுக்கப்படும் 48 பிட் எண். முதல் 24 பிட்டை வைத்து எந்த நிறுவனம் செய்த கார்டு என்று சொல்லலாம். ஆனால் அந்தக் கார்டு இப்போது எந்த ஊரில், எந்த நெட்வொர்க்கில் இருக்கிறது என்பது அதில் இருக்காது. ஆளின் பெயர் மாதிரிதான். ஒரு அறைக்குள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் உரியவர் திரும்பிப் பார்ப்பார். வேறு ஊரில் இருப்பவரை வெறும் பெயரை வைத்துக்கொண்டு தேட முடியாது. அதற்குத்தான் ஐபி முகவரி. அதன் முன்பகுதி நெட்வொர்க்கைச் சொல்லும், பின்பகுதி அந்த நெட்வொர்க்குக்குள் எந்தக் கணினி என்று சொல்லும்.

நான் வகுப்பில் முதல் நாளே சொல்வது இது: பாடம் முழுவதும் இரண்டு அட்டவணைகளில் அடங்கிவிடும். சுவிட்ச்சிடம் மேக் அட்டவணை இருக்கிறது, ரவுட்டரிடம் ரவுட்டிங் அட்டவணை இருக்கிறது. என்ன கோளாறு வந்தாலும் "இந்தப் பெட்டி இப்போது எந்த அட்டவணையைப் பார்த்தது, அதில் என்ன எழுதியிருந்தது?" என்று கேட்டுப் பழகுங்கள். கீழே வரும் பதில்கள் எல்லாம் அந்த ஒரு கேள்வியைச் சுற்றியே வரும்.

அப்படியானால் வீட்டில் இருக்கிற வைஃபை பெட்டி எது?

ஒரே டப்பாவுக்குள் பல சாதனங்கள் அவை. பின்புறம் வரிசையாக இருக்கும் லேன் போர்ட்டுகள், அதாவது கேபிள் செருகும் துளைகள், ஒரு சுவிட்ச். வைஃபை தனி. உள்ளே இருக்கும் 192.168 முகவரிகளுக்கும் வெளி இணையத்துக்கும் நடுவே ரவுட்டர் நிற்கிறது. முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி வேலையும், உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றும் நாட் வேலையும் அதிலேயே நடக்கின்றன. வீட்டுப் பெட்டியை வைத்து ரவுட்டிங் படிக்க நினைத்தால் இவை எல்லாம் கலந்து குழப்பும். தனித்தனியாகப் பிரித்துப் படியுங்கள்.

யாரும் சொல்லித்தராமல் சுவிட்ச் மேக் அட்டவணையை எப்படி நிரப்புகிறது?

கேபிளில் தகவல் ஃபிரேம் என்ற உறைகளாக வரும். உள்ளே வரும் ஒவ்வொரு ஃபிரேமிலும் அனுப்பியவர் மேக், பெறுபவர் மேக் என இரண்டு முகவரிகள் இருக்கும். சுவிட்ச் முதலில் அனுப்பியவரைப் பார்க்கும். "இந்த மேக் 3ஆம் போர்ட்டில் இருந்து வந்தது" என்று எழுதிக்கொள்ளும். பிறகு பெறுபவரைத் தேடும். அட்டவணையில் இருந்தால் அந்த ஒரு போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும். இல்லாவிட்டால், வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லாப் போர்ட்டுகளுக்கும் அனுப்பும். உரியவர் பதில் சொன்னதும் அவர் இருக்கும் போர்ட்டும் தெரிந்துவிடும்.

சிஸ்கோ நிறுவனத்தின் சுவிட்ச்சில் ஒரு பதிவு 300 வினாடி பயன்படாமல் கிடந்தால் தானாக அழிந்துவிடும். மடிக்கணினியை ஒரு மேசையில் இருந்து பிடுங்கி வேறு மேசையில் செருகினாலும் வேலை செய்வதற்குக் காரணம், புதிய போர்ட்டில் இருந்து முதல் ஃபிரேம் வந்த உடனே பழைய பதிவை மாற்றி எழுதிவிடுவதுதான்.

பாக்கெட் பல ரவுட்டர்களைத் தாண்டிப் போகும்போது எந்த முகவரி மாறும், எந்த முகவரி மாறாது?

நேர்முகத் தேர்வில் அதிகம் கேட்கப்படும் கேள்விகளில் இது ஒன்று. இதை முழுதாகப் புரிந்துகொண்டால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி. அதனால் நிதானமாகப் பார்ப்போம். பாக்கெட் என்பது ஐபி முகவரிகளைச் சுமக்கும் தகவல் துண்டு, ஃபிரேம் அதன் வெளி உறை.

உங்கள் கணினி 192.168.10.25. மாஸ்க், அதாவது முகவரியில் எதுவரை நெட்வொர்க் பகுதி என்று சொல்லும் எண், 255.255.255.0. டிஃபால்ட் கேட்வே, அதாவது வேறு நெட்வொர்க்குக்குப் போக வேண்டியதை வாங்கிக்கொள்ளும் ரவுட்டர், 192.168.10.1. நீங்கள் பேச வேண்டிய சர்வர் 172.16.5.80. நடுவில் இரண்டு ரவுட்டர்கள். எல்லாமே ஒரே நிறுவனத்தின் உள் நெட்வொர்க், நாட் கிடையாது.

கணினி முதலில் மாஸ்க்கை வைத்துக் கணக்குப் போடும். 172.16.5.80 நம் நெட்வொர்க்கில் இல்லை. சரி, கேட்வேயிடம் கொடுக்க வேண்டும். ஆனால் கேட்வேயின் ஐபிதான் தெரியும், மேக் தெரியாது. அதனால் "192.168.10.1 யார்? உங்கள் மேக் என்ன?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி ஒரு பிராட்காஸ்ட் போடும். இதுதான் ஆர்ப். ரவுட்டர் தன் மேக்கைச் சொல்லும்.

இப்போது ஃபிரேம் தயாராகிறது. பெறுபவர் ஐபி: சர்வர். பெறுபவர் மேக்: முதல் ரவுட்டர். இந்த இரண்டு வரியும் இரண்டு வெவ்வேறு சாதனங்களைக் குறிப்பதைக் கவனியுங்கள். பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

முதல் ரவுட்டர் ஃபிரேமைப் பிரித்து வெளி உறையைத் தூக்கிப் போட்டுவிடும். உள்ளே இருக்கும் ஐபியைப் பார்த்து ரவுட்டிங் அட்டவணையில் தேடும். பாக்கெட் இன்னும் எத்தனை ரவுட்டர் தாண்டலாம் என்று சொல்லும் டிடிஎல் என்ற எண்ணில் ஒன்றைக் குறைக்கும். விண்டோஸ் 128இல் தொடங்கினால் இப்போது 127. பிறகு புது உறை போடும்: அனுப்பியவர் மேக் தன்னுடையது, பெறுபவர் மேக் இரண்டாவது ரவுட்டருடையது. இரண்டாவது ரவுட்டரும் இதையே செய்யும், 126. அது போடும் உறையில்தான் முதன்முறையாக சர்வரின் மேக் வரும்.

ஆக, ஐபி முகவரிகள் இரண்டும் கடைசி வரை அப்படியே இருந்தன. மேக் முகவரிகள் மூன்று முறை எழுதப்பட்டன. எந்த ரவுட்டருக்கும் முழுப் பாதை தெரிந்திருக்கத் தேவையில்லை. அடுத்து யாரிடம் கொடுப்பது என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

இதே காரணத்தால்தான் பயிற்சியின்போது சிஸ்கோ ரவுட்டரில் இருந்து முதன்முதலாகப் பிங் (மறுமுனை பதில் சொல்கிறதா என்று பார்க்கும் கட்டளை) கொடுத்தால் ஒரு புள்ளியும் நான்கு ஆச்சரியக்குறியும் வரும். புள்ளி என்றால் பதில் வரவில்லை, ஆச்சரியக்குறி என்றால் வந்தது. மேக் தெரியாமல் ஆர்ப் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் முதல் பாக்கெட் விழுந்துவிட்டது. கோளாறு இல்லை. மறுபடி கொடுத்துப் பாருங்கள், ஐந்தும் ஆச்சரியக்குறியாக வரும்.

சப்நெட்டிங் கணக்கு தலையில் ஏறவே மாட்டேன் என்கிறது. கருவிதான் இருக்கிறதே, கையால் போட வேண்டுமா?

வேண்டும். ஒரு நெட்வொர்க்கைச் சிறு தொகுதிகளாகப் பிரிக்கும் இந்தக் கணக்கைத் தேர்வுக்காக மட்டும் சொல்லவில்லை. இரவு 2 மணிக்கு ஒரு கிளை அலுவலகம் துண்டிக்கப்பட்டு நிற்கும்போது, ஒரு முகவரியைப் பார்த்ததும் அது எந்தத் தொகுதியில் விழும் என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

பயமுறுத்தும் பைனரி கணக்கை முதல் நாளே பிடித்துக்கொள்ளாதீர்கள். 256இல் இருந்து மாஸ்க்கின் கடைசி எண்ணைக் கழியுங்கள். 255.255.255.192 என்றால் 256 − 192 = 64. அவ்வளவுதான், தொகுதியின் அளவு 64. இனி 64, 64 ஆகத் தாவுங்கள்: 0, 64, 128, 192. 192.168.10.70 எங்கே விழும்? 64க்கும் 127க்கும் இடையே. 64 நெட்வொர்க்கின் பெயர், 127 பிராட்காஸ்ட், நடுவில் 65 முதல் 126 வரை 62 கணினிகளுக்குக் கொடுக்கலாம். தினமும் பத்துக் கணக்கு வீதம் இரண்டு வாரம் போடுங்கள். அப்புறம் பைனரியில் இதே கணக்கைப் பார்த்தால் ஏன் இப்படி வருகிறது என்பது தானே விளங்கும்.

தவறான மாஸ்க் என்ன செய்யும் என்பதையும் ஒருமுறை செய்து பாருங்கள். மேலே சொன்ன 70க்கு 255.255.255.192க்குப் பதில் 255.255.255.0 என்று போடுங்கள். 192.168.10.130க்குப் பிங் கொடுங்கள். 130 வேறு தொகுதியில் இருக்கிறது, ஆனால் உங்கள் கணினி அதைப் பக்கத்து மேசை என்று நம்பிவிடும். கேட்வேயிடம் கொடுக்காமல் நேராக ஆர்ப் கேட்டுக்கொண்டே இருக்கும். பதில் வராமல் போகலாம். அப்போது மற்ற இடங்களுக்கெல்லாம் இணைப்பு ஒழுங்காக இருக்கும், இந்த மாதிரிப் பக்கத்துத் தொகுதிகளுக்கு மட்டும் போகாது. இந்த மாதிரிக் கோளாறில் மனிதர்கள் அரை நாள் தொலைத்திருக்கிறார்கள்.

ஒரு கேபிளைத் தப்பாகச் செருகினால் மொத்த அலுவலகமும் நின்றுவிடும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. நானே பார்த்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஓர் அலுவலகத்தில் காலை 10 மணி வாக்கில் எதுவும் வேலை செய்யவில்லை. தொலைபேசி, பிரிண்டர், இணையம் எல்லாம் போயிற்று. ரேக் அறைக்குள் போனால் சுவிட்ச்சுகளின் எல்லா விளக்குகளும் ஒரே தாளத்தில், கண்ணிமைக்க முடியாத வேகத்தில் மின்னிக்கொண்டிருந்தன. சாதாரணமாக அவை ஒவ்வொன்றும் தன்போக்கில் மின்னும். அந்த ஒரே தாளத்தை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே போனோம். ஒரு கேபிளைப் பிடுங்கியதும் எல்லாம் அமைதியாயிற்று. அது போய்ச் சேர்ந்த கூட்ட அறையில், மேசைக்கு அடியில் மலிவான சிறிய சுவிட்ச் ஒன்று. தரையில் கிடந்த கேபிள் முனையைப் பார்த்து யாரோ நல்லெண்ணத்தில் அதிலேயே செருகியிருந்தார்கள். அதன் மறுமுனையும் அதே சுவிட்ச்சில்தான் இருந்தது.

ஏன் இவ்வளவு பெரிய விளைவு? ஐபி பாக்கெட்டில் டிடிஎல் இருக்கிறது. அது தவறிப்போய்ச் சுற்றினாலும் எண் பூஜ்ஜியம் ஆனதும் செத்துவிடும். ஈதர்நெட் ஃபிரேமில் அப்படி எதுவும் கிடையாது. ஒரு பிராட்காஸ்ட் வளையத்துக்குள் போனால் ஓய்வே இல்லாமல் சுற்றும், ஒவ்வொரு சுற்றிலும் எல்லாப் போர்ட்டுக்கும் ஒரு பிரதி போகும். சில நொடிகளில் நெட்வொர்க் முழுக்க அந்தப் பிரதிகள்தான் ஓடும்.

இதற்கான தீர்வை 1985இல் டெக் என்ற டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் இருந்தபோது ராடியா பெர்ல்மன் உருவாக்கினார். அதுதான் ஸ்பானிங் ட்ரீ. சுவிட்ச்சுகள் தமக்குள் பேசி ஒன்றைத் தலையாக, அதாவது ரூட்டாக, தேர்ந்தெடுக்கும். அதை அடைய ஒரே ஒரு வழியை மட்டும் வைத்துக்கொண்டு, வளையம் உண்டாக்கும் மற்ற போர்ட்டுகளை அடைத்துவிடும். வேலை செய்கிற வழி அறுந்தால் அடைத்ததைத் திறந்துவிடும். பழைய முறையில் ஒரு போர்ட் திறக்க 15 + 15 என 30 வினாடி ஆகும். 2001இல் வந்த ரேப்பிட் ஸ்பானிங் ட்ரீ இதைப் பெரிதும் குறைத்தது.

இங்கே ஒரு வேண்டுகோள். ரூட் யார் என்பதைச் சுவிட்ச்சுகளிடமே விட்டுவிடாதீர்கள். எல்லாவற்றிலும் முன்னுரிமை எண் 32768 என்றே இருந்தால், மிகச் சிறிய மேக் முகவரி உள்ளது ஜெயிக்கும். சிறிய மேக் பல நேரம் பழைய சுவிட்ச்சிடம்தான் இருக்கும். மூலையில் தூசு படிந்து கிடக்கும் பெட்டியே மொத்த நெட்வொர்க்குக்கும் தலையாகிவிடும். நடுவில் இருக்கும் நல்ல சுவிட்ச்சுக்கு நீங்களே குறைவான எண்ணைக் கொடுங்கள்.

வீலேன் எதற்கு?

ஒரே சுவிட்ச்சைப் பல தனிச் சுவிட்ச்சுகளாக நடந்துகொள்ள வைப்பதற்கு. கணக்குப் பிரிவு வீலேன் 10, விருந்தினர் வைஃபை வீலேன் 20 என்று பிரித்தால், ஒன்றில் போடும் பிராட்காஸ்ட் மற்றதற்குக் கேட்காது. கணினி செருகும் போர்ட் ஆக்சஸ் போர்ட். இரண்டு சுவிட்ச்சுகளுக்கு நடுவே எல்லா வீலேன்களையும் சுமப்பது டிரங்க் போர்ட். டிரங்க்கில் போகும் ஃபிரேமில் 4 பைட் சீட்டு ஒன்று ஒட்டப்படும். அதில் வீலேன் எண்ணுக்கு 12 பிட், அதனால்தான் பயன்படுத்தக்கூடிய வீலேன்கள் 4094.

வீலேன் 10இல் இருந்து 20க்குப் போக ரவுட்டர் அல்லது ரவுட்டிங்கும் செய்யும் லேயர் 3 சுவிட்ச் கட்டாயம் வேண்டும். ஒரே பெட்டியில் பக்கத்துப் பக்கத்துப் போர்ட்டில் இருந்தாலும் சரி.

ரவுட்டிங் அட்டவணையில் ஒரே முகவரிக்கு இரண்டு வரிகள் பொருந்தினால் எது எடுக்கப்படும்?

எது குறுகிய வட்டத்தைச் சொல்கிறதோ அது. சாய்கோட்டுக்குப் பின் வரும் எண், நெட்வொர்க் பகுதி எத்தனை பிட் என்பதைச் சொல்லும்; அது பெரிதானால் வட்டம் குறுகும். 10.0.0.0/8 ஒரு பக்கம், 10.20.0.0/16 இன்னொரு பக்கம் என்று இருந்தால், 10.20.3.4க்குப் போகும் பாக்கெட் /16 வழியில்தான் போகும். எதுவுமே பொருந்தாதபோது 0.0.0.0/0 என்ற டிஃபால்ட் ரூட்.

இந்த ஒரு விதிக்கு எவ்வளவு பலம் என்பதை 2008 பிப்ரவரி 24 அன்று உலகம் பார்த்தது. பாகிஸ்தான் அரசு தன் நாட்டுக்குள் யூடியூபைத் தடுக்கச் சொன்னது. பாகிஸ்தான் டெலிகாம் அதற்காக 208.65.153.0/24 என்ற வழியைப் போட்டது. உள்நாட்டோடு நிற்க வேண்டிய அந்த வழி, அதன் மேல்நிலை நிறுவனம் வழியாக, நிறுவனங்கள் தமக்குள் வழிகளை அறிவிக்கும் பிஜிபி முறையில் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. யூடியூப் அறிவித்து வந்தது 208.65.152.0/22. /24 அதைவிடக் குறுகியது. பல நாடுகளின் ரவுட்டர்கள் விதிப்படி குறுகியதைத் தேர்ந்தெடுத்தன. யூடியூபுக்குப் போக வேண்டியது பாகிஸ்தானுக்குப் போய் அங்கேயே முடிந்தது. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் இந்த நிலை. யூடியூப் தரப்பு முதலில் அதே /24ஐயும், பிறகு அதைவிடக் குறுகிய /25களையும் அறிவித்தது. எந்த ரவுட்டரும் கெட்டுப்போகவில்லை, எல்லாம் தம் அட்டவணையை ஒழுங்காகத்தான் படித்தன.

பலர் குழப்பிக்கொள்ளும் இன்னொன்று: அட்மினிஸ்ட்ரேட்டிவ் டிஸ்டன்ஸ், அதாவது வழி சொன்ன மூலத்தை எவ்வளவு நம்பலாம் என்ற எண். இது ஒரே அளவுள்ள ஒரே வழியை இரண்டு மூலங்கள் சொல்லும்போது மட்டும் வரும். சிஸ்கோவில் நேரடி இணைப்புக்கு 0, கையால் எழுதும் ஸ்டாட்டிக்குக் 1, ரவுட்டர்கள் தாமே வழிகளைப் பகிர்ந்துகொள்ளும் முறைகளில் ஓஎஸ்பிஎஃப்க்கு 110, ரிப்புக்கு 120. குறைந்தது ஜெயிக்கும். /16ஐ ரிப் சொன்னாலும், /8ஐ ஸ்டாட்டிக் சொன்னாலும், பாக்கெட் /16 வழியில்தான் போகும்.

ஸ்டாட்டிக் ரூட் போதுமா, ஓஎஸ்பிஎஃப் படிக்க வேண்டுமா?

ஸ்டாட்டிக்கில் தொடங்குங்கள். கையால் எழுதினால்தான் "திரும்பி வரும் வழி" என்ற ஒன்று இருக்கிறது என்பது உறைக்கும். முதல் ரவுட்டரில் போகும் வழியை எழுதிவிட்டு, மறுபக்கத்து ரவுட்டரில் திரும்பும் வழியை எழுத மறக்காத மாணவரை நான் இன்னும் பார்க்கவில்லை. பாக்கெட் போய்ச் சேர்ந்திருக்கும், பதில் வர வழி இருக்காது.

நான்கைந்து ரவுட்டர்களுக்கு மேல் போனால் கை வலிக்கும். அப்போது ஓஎஸ்பிஎஃப். ஒவ்வொரு ரவுட்டரும் தன் இணைப்புகளை மற்றவர்களுக்குச் சொல்லும். தன் ஏரியாவின், அதாவது தான் சேர்ந்த ரவுட்டர் குழுவின், முழு வரைபடமும் எல்லாரிடமும் இருக்கும். டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்ட குறும்பாதைக் கணக்கை அதன்மேல் ஓட்டி வழியைக் கண்டுபிடிக்கும். இரண்டு ரவுட்டர்கள் அண்டை ஆகவில்லை என்றால் ஏரியா எண், நலம் விசாரிக்கும் ஹலோ செய்தி அனுப்பும் நேரம், மாஸ்க், எம்டியு என்ற பாக்கெட் அளவு வரம்பு இவற்றை ஒப்பிட்டுப் பாருங்கள். அப்புறம், வழக்கமான அமைப்பில் 100 எம்பிபிஎஸ் கேபிளுக்கும் 1 ஜிபிபிஎஸ் கேபிளுக்கும் காஸ்ட், அதாவது வழியின் செலவைக் காட்டும் எண், 1 என்றே வரும். காஸ்ட்டைக் கணக்கிட எடுத்துக்கொள்ளும் ரெஃபரன்ஸ் பேண்ட்விட்த்தை எல்லா ரவுட்டரிலும் உயர்த்தி வையுங்கள்.

ரிப் பற்றி 15 ரவுட்டர்களுக்கு மேல் தாண்டாது என்பது வரை தெரிந்தால் போதும்.

பிங் போகவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பிழைச் செய்தியை முழுதாகப் படியுங்கள். விண்டோஸில் உங்கள் சொந்த ஐபியில் இருந்தே "டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்" என்று வந்தால் பொதுவாக ஆர்ப்புக்குப் பதில் கிடைக்கவில்லை என்று பொருள். பிரச்சினை உங்கள் அறைக்குள்தான். கேபிள், வீலேன், மாஸ்க் பாருங்கள். "ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்" என்றால் பதில் வரவில்லை என்று மட்டும்தான் தெரியும். பெரும்பாலும் திரும்பும் வழி இல்லை, அல்லது ஃபயர்வால் தடுக்கிறது. பிறகு கேட்வேக்குப் பிங். அது சரி என்றால் ட்ரேஸ்ரூட் போட்டு எந்த ரவுட்டர் வரை போகிறது என்று பாருங்கள். கடைசியாகப் பதில் சொன்ன ரவுட்டரிலும் அதற்கு அடுத்ததிலும் போய், ரவுட்டிங் அட்டவணையைக் காட்டும் "ஷோ ஐபி ரூட்" கொடுங்கள். யூகித்து எதையும் மாற்றாதீர்கள்.

ஓஎஸ்ஐ ஏழு அடுக்கையும் மனப்பாடம் செய்துவிட்டுத்தான் தொடங்க வேண்டுமா?

வேண்டாம். ஓஎஸ்ஐ என்பது நெட்வொர்க் வேலையை ஏழு அடுக்காகப் பிரித்துக் காட்டும் மாதிரி. கேபிள், ஃபிரேம், பாக்கெட் என்ற முதல் மூன்று அடுக்குகளை ஒழுங்காகப் பிடியுங்கள். மற்றவை தேவைப்படும்போது வரும்.

எந்தத் தேர்வு, எந்தக் கருவி?

முன்பு சிஸ்கோ தரும் சான்றிதழ்களில் சிசிஎன்ஏ ரவுட்டிங் அண்டு சுவிட்ச்சிங் என்று தனியாக இருந்தது. 2020 பிப்ரவரியில் இருந்து 200-301 என்ற ஒரே சிசிஎன்ஏ தேர்வு, 120 நிமிடம், சான்றிதழ் மூன்று வருடம் செல்லும். வேலை தேடும்போது உதவும், எழுதுங்கள். ஆனால் கேள்வித்தாள் குவியலை உருப்போட்டு எழுதாதீர்கள். நேர்முகத்தில் மேலே சொன்ன மேக் முகவரிக் கேள்வி ஒன்றே உண்மையைக் காட்டிவிடும்.

பயிற்சிக்குச் சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் என்ற மாதிரி நெட்வொர்க் மென்பொருள் இலவசம், சாதாரண மடிக்கணினியில் ஓடும். போய்வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க்கும் இலவசம். உங்கள் சொந்தக் கணினியின் ஆர்ப்பை அதில் ஒருமுறை கண்ணால் பாருங்கள். காசு கொடுத்துப் பெட்டி வாங்குவது தொடக்கத்தில் அவசியமில்லை.

முதல் பயிற்சியாக எதைச் செய்து பார்க்கலாம்?

மூன்று ரவுட்டர்களை முக்கோணமாக இணையுங்கள். ஓஎஸ்பிஎஃப் போடுங்கள். ஒரு மூலையில் இருந்து இன்னொரு மூலைக்கு விடாமல் பிங் ஓடவிட்டு, அவை இரண்டுக்கும் நடுவே உள்ள கேபிளைப் பிடுங்குங்கள். ஓரிரு பிங் விழுந்து, மூன்றாவது ரவுட்டரைச் சுற்றிப் போகத் தொடங்கிவிடும். இப்போது கேபிளைச் செருகி, அந்த இரண்டு ரவுட்டர்களுக்கும் நடுவே ஒரு சுவிட்ச்சை வையுங்கள். சுவிட்ச்சுக்கும் எதிர்ப்பக்கத்து ரவுட்டருக்கும் இடையே உள்ள கேபிளைப் பிடுங்குங்கள். இந்தப் பக்கத்து ரவுட்டரின் போர்ட் இன்னும் பச்சையாகவே இருக்கும், ஏனென்றால் சுவிட்ச் உயிரோடு இருக்கிறது. 10 வினாடிக்கு ஒருமுறை வர வேண்டிய ஹலோ மட்டும் வராது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். கடைசி ஹலோ வந்து 40 வினாடி ஆனதும் அண்டை ரவுட்டர் போய்விட்டது என்று திரையில் ஒரு வரி வரும், அதன்பிறகுதான் பிங் வழி மாறும்.